கட்டமைப்பு இனவாதம் என்றால் என்ன? கனடாவின் பூர்வகுடிப் பெண்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2020 ஜூன் மாதம். அமெரிக்காவில் போலீஸ் பிடியில் நடந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகம் முழுக்கப் போலீஸைப் பற்றிய பேச்சு சூடாக இருந்த நேரம். கனடாவின் தேசியக் காவல்படையான ஆர்சிஎம்பியின் தலைவர் ப்ரெண்டா லக்கியிடம் செய்தியாளர்கள் கேட்டார்கள்: உங்கள் படையில் கட்டமைப்பு இனவாதம் இருக்கிறதா? அதற்கு ஐந்து, பத்து விதமான விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன் என்று இழுத்தார் அவர். சில நாள் கழித்து, இருக்கிறது என்று அறிக்கை விட்டார். மாதக் கடைசியில் நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை அழைத்து, சரி, ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றது. அவர் சொன்ன உதாரணம் இது: ஆள் எடுக்கும்போது நடத்தும் உடல்தகுதித் தேர்வில் ஆறடி நீளப் பாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். சராசரி மனிதரால் தன் உயரம் அளவுக்குத்தான் தாண்ட முடியும். எல்லா இனத்தவரும் ஆறடி இருப்பதில்லையே.

அது உயரம் குறைந்தவர்களின் பிரச்சினை, நான் கேட்டது இனவாதத்தைப் பற்றி என்று எம்.பி. ஒருவர் திருப்பிக் கேட்டார். லக்கியின் பதில் பல நாள் கேலிக்கு ஆளானது. எனக்கு அது பாதி சரியான பதிலாகவே படுகிறது. யாரையும் குறிவைத்து எழுதாத ஒரு விதி, நடைமுறையில் சிலரை மட்டும் வடிகட்டி வெளியே தள்ளும். அது வரைக்கும் அவர் சொன்னது சரி. விட்டுப்போன மீதிப் பாதியில்தான் ஒரு நூற்றாண்டு வரலாறும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சாவும் இருக்கின்றன.

முதலில் அடிப்படை. ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணை இனப்பெயர் சொல்லித் திட்டினால் அது தனிமனித இனவாதம். யார் செய்தார், எப்போது செய்தார் என்று விரல் நீட்டிச் சொல்லலாம். கட்டமைப்பு இனவாதத்தில் அப்படி விரல் நீட்ட ஆள் கிடைப்பதில்லை. புகாரை எழுதுபவர், கோப்பை நகர்த்துபவர், ஆள் பற்றாக்குறையால் ஒரு வழக்கை ஒத்திப்போடும் மேலதிகாரி, சாட்சி நிற்காது என்று வழக்கைக் கைவிடும் அரசு வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரிடமும் நியாயமாகத் தெரியும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இழப்பு எப்போதும் ஒரே சமூகத்தின் தலையில் விழுந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: நாற்காலியில் இருப்பவரைத் தூக்கிவிட்டு நல்லவர் ஒருவரை உட்கார வைத்தால் விளைவு மாறுமா? மாறாது என்றால் கோளாறு நாற்காலியில் இருக்கிறது.

கனடாவின் பூர்வகுடிகள் மூன்று பெரிய பிரிவினர்: முதல் தேசத்தவர், இனுயிட், மேத்தி. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 18 லட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் 5 சதவீதம். இவர்களுக்கும் போலீஸுக்கும் உள்ள உறவு எப்படித் தொடங்கியது என்று தெரியாமல் மற்ற எதுவும் புரியாது. ஆர்சிஎம்பியின் முன்னோடியான வடமேற்குக் குதிரைப்படை 1873இல் உருவாக்கப்பட்டது. மேற்குச் சமவெளிகளில் வெள்ளையர் குடியேற வழி செய்வதும், அங்கிருந்த பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களுக்குள், அதாவது அவர்களுக்கென அரசு ஒதுக்கிய நிலங்களுக்குள், அடக்கி வைப்பதும் அதன் வேலைகள். 1885க்குப் பிறகு அதிகாரியிடம் சீட்டு வாங்காமல் ஒதுக்கிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அதற்குச் சட்டம்கூடக் கிடையாது, வெறும் நிர்வாக உத்தரவுதான்.

அப்புறம் உறைவிடப் பள்ளிகள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அவர்களின் மொழியையும் பண்பாட்டையும் மறக்கடிக்க நடத்தியவை. 1920இல் பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. அனுப்ப மறுத்த வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிப்போனது போலீஸ். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். 2004இல் ஆர்சிஎம்பி இதற்காக மன்னிப்புக் கேட்டது. இன்று பிள்ளையைக் கொண்டுபோவது குழந்தைகள் நலத்துறை. 2021 கணக்கெடுப்பில் கனடாவின் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் 7.7 சதவீதம். வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் அவர்கள் 53.8 சதவீதம்.

இப்போது ஒரு பூர்வகுடித் தாயை நினைத்துப் பாருங்கள். கணவன் அடிக்கிறான். போலீஸைக் கூப்பிட்டால் அடி நிற்கலாம். கூடவே நலத்துறையும் வந்து, இந்த வீடு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று எழுதிவிட்டுப் போகலாம். அவள் போனை எடுக்கத் தயங்குவாள். "அவர்கள் புகாரே கொடுப்பதில்லை, நாங்கள் என்ன செய்வது" என்று போலீஸ் சொல்லும்போது இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக இன்னொரு அடியும் விழுந்தது. 'இந்தியர் சட்டம்' என்று 1876இல் வந்த சட்டத்தின்படி, பூர்வகுடிப் பெண் வெளியாரை மணந்தால் அவளுடைய சட்டபூர்வமான பூர்வகுடித் தகுதி போய்விடும். ஆண் வெளியே மணந்தால் போகாது, வருகிற மனைவிக்கும் அந்தத் தகுதி கிடைக்கும். 1985இல்தான் இது திருத்தப்பட்டது. அதுவரை வெளியே மணந்த பெண் தன் ஊரில் வீடு, நில உரிமையை இழந்து நகரத்துக்கு வர வேண்டியிருந்தது. நகரம் அவளை எப்படிப் பார்த்தது?

மனிடோபா மாகாணத்தில் தி பா என்றொரு சிற்றூர். ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் நார்வே ஹவுஸ் என்ற கிரீ சமூகத்து ஊரிலிருந்து படிக்க வந்த 19 வயதுப் பெண். ஆசிரியையாக வேண்டும் என்பது ஆசை. 1971 நவம்பரில் ஓர் இரவு அவள் தெருவில் நடந்து போகும்போது நான்கு வெள்ளை இளைஞர்கள் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட குத்துகளுடன் உடல் கிடைத்தது. போலீஸ் முதலில் குடைந்தெடுத்தது அவளுடைய பூர்வகுடி நண்பர்களை. யார் செய்தார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரிந்திருந்தது. 1972இலேயே பெயர்களைக் குறிப்பிட்டு ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. வழக்கு நீதிமன்றத்துக்கு வர 16 வருடம் ஆனது. நால்வரில் ஒருவருக்குத்தான் தண்டனை. ஒருவர் விடுதலையானார், ஒருவர் சாட்சி சொல்லித் தப்பித்தார், இன்னொருவர் மீது வழக்கே இல்லை.

இதை ஆராய்ந்த மனிடோபா பூர்வகுடி நீதி விசாரணை ஆணையம் 1991இல் அறிக்கை தந்தது. அவள் பூர்வகுடியாக இல்லாதிருந்தால் கொல்லப்பட்டிருக்க மாட்டாள் என்று நேரடியாகவே எழுதியது. அதைவிட என்னை உறுத்துவது அறிக்கையின் வேறோர் இடம். வெள்ளை இளைஞர்கள் காரில் சுற்றிப் பூர்வகுடிப் பெண்களைத் தேடி ஏற்றிக்கொள்வது அந்த ஊரில் வாடிக்கை. போலீஸுக்கும் அது தெரியும். தனியாகக் கண்காணிக்க வேண்டிய விஷயமாக அதை யாரும் நினைக்கவில்லை. யாரும் கெட்ட உத்தரவு எதையும் போட்டிருக்க வேண்டியதில்லை. கவனிக்கத் தேவையில்லை என்ற பொது எண்ணமே போதுமானதாக இருந்தது.

அது பழைய கதை, சின்ன ஊர் என்று சொல்லலாம். வான்கூவர் பெருநகரம். அதன் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில் 1990களில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். பெரும்பாலோர் வறுமையிலும் போதைப் பழக்கத்திலும் சிக்கி, பாலியல் தொழில் செய்து பிழைத்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பூர்வகுடிகள். அந்த மாகாணத்தின் மக்களில் பூர்வகுடிப் பெண்கள் சில சதவீதம்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தார் புகார் கொடுக்கப் போனால், எங்காவது போயிருப்பாள், தானாக வருவாள் என்றார்கள். போலீஸிலேயே இருந்த கிம் ரோஸ்மோ என்ற குற்றப் புவியியல் நிபுணர், தொடர்கொலைகாரன் ஒருவன் இருக்கலாம் என்று 1990களின் இறுதியில் எச்சரித்தார். மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொலைகாரன் ராபர்ட் பிக்டன், போர்ட் கோகிட்லத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவன். பெண்கள் காணாமல் போனது வான்கூவர் போலீஸின் எல்லையில். பண்ணை இருந்தது ஆர்சிஎம்பியின் எல்லையில். 1997இல் ஒரு பெண் அவன் பிடியிலிருந்து கத்திக்குத்துக் காயங்களோடும் கையில் விலங்கோடும் தப்பி ஓடி வந்தாள். கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். போதைப் பழக்கம் உள்ளவள், சாட்சியாக நிற்க மாட்டாள் என்று 1998இல் அதைக் கைவிட்டார்கள். அப்போது அவனிடமிருந்து கைப்பற்றிய உடைகளும் ரப்பர் பூட்ஸும் போலீஸ் கிடங்கில் தூங்கின. 2004இல்தான் சோதனைக்குப் போயின. காணாமல் போன இரண்டு பெண்களின் மரபணு அவற்றில் இருந்தது.

அவன் பிடிபட்டது 2002 பிப்ரவரியில். அதுவும் கொலை வழக்கில் தேடிப் போய் அல்ல. அனுமதி இல்லாத துப்பாக்கி வைத்திருக்கிறானா என்று சோதிக்கப் போனவர்கள், காணாமல் போன பெண் ஒருவரின் பெயரிட்ட ஆஸ்துமா இன்ஹேலரை வீட்டில் கண்டார்கள். பண்ணையில் 33 பெண்களின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஆறு கொலைகளுக்காக 2007இல் அவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. முன்னாள் நீதிபதி வாலி ஓப்பல் தலைமையிலான ஆணையம் 2012இல் தந்த அறிக்கை, போலீஸின் தோல்வியை அப்பட்டமானது என்றது. அதிகாரிகள் மனமறிந்து இனவெறியோடு நடந்ததாக ஓப்பல் சொல்லவில்லை. கட்டமைப்புக்குள் ஊறிய பாரபட்சம் இந்தப் பெண்களின் உயிருக்கு மதிப்புக் குறைத்தது என்றார். இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள கேள்விக்கு நான் பார்த்த சுருக்கமான பதில் அதுதான்.

சரி, போதைப் பழக்கமும் தெரு வாழ்க்கையும்தானே காரணம், இனம் எங்கே வந்தது என்று கேட்கலாம். டீனா ஃபொன்டெய்னைப் பாருங்கள். சாக்கீங் சமூகத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி. பெரிய அத்தை முறையான உறவினர் வீட்டில் வளர்ந்தவள். 2011இல் தந்தை கொல்லப்பட்டார். 2014 கோடையில் அம்மாவைப் பார்க்க மனிடோபாவின் தலைநகரான வின்னிபெக்குக்கு வந்து, குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் இருந்தாள். அங்கிருந்து காணாமல் போனதாக ஜூலை இறுதியில் புகாரும் பதிவானது.

ஆகஸ்ட் 8 அதிகாலை. வாகனம் ஒன்றைப் போலீஸ் மறித்தது. ஓட்டியவர் வயதில் பெரிய ஆண், பக்கத்தில் டீனா. அவள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார்கள். காணாமல் போனவர் பட்டியலில் பெயர் இருந்தது. போகவிட்டார்கள். சில மணி நேரத்தில் நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவே மயங்கிக் கிடந்தவளை ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. மருத்துவமனை நலத்துறைப் பணியாளரிடம் ஒப்படைத்தது. பணியாளர் ஒரு ஹோட்டலில் தங்க வைத்தார். நலத்துறைப் பிள்ளைகளை ஹோட்டல் அறைகளில் வைப்பது அப்போது அங்கே சாதாரணம். அவள் அங்கிருந்து வெளியே போனாள். ஆகஸ்ட் 17 அன்று வேறு ஒருவரைத் தேடிச் சிவப்பு நதியில் இறங்கியவர்கள், போர்வை உறையில் சுற்றிக் கல் கட்டிய அவள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

ஒரே நாளில் காவல்துறை, ஆம்புலன்ஸ், மருத்துவமனை, நலத்துறை என்று நாலு கை மாறியிருக்கிறாள். ஒவ்வொரு கையும் தன் பங்கு வேலையை முடித்துவிட்டுக் கழுவிக்கொண்டது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் 2018இல் விடுதலையானார். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. வண்டியை மறித்த அந்த இரண்டு போலீஸ்காரரும் மோசமான மனிதர்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நல்ல வசதியான பகுதியைச் சேர்ந்த 15 வயது வெள்ளைச் சிறுமி, காணாமல் போன பட்டியலில் பெயரோடு, விடியற்காலையில் முன்பின் தெரியாத ஆணின் வண்டியில் இருந்திருந்தால், அந்தக் கதவு திறந்து அவளை இறக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எண்ணிக்கைக்கு வருவோம். இங்கேதான் வாதம் சூடுபிடிக்கும். 2014இல் ஆர்சிஎம்பி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை 1,017 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், 164 பேர் காணவில்லை. பெண்களின் மக்கள்தொகையில் அவர்கள் 4.3 சதவீதம், கொல்லப்பட்ட பெண்களில் 16 சதவீதம். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு: பூர்வகுடிப் பெண்களின் கொலைகளில் 88 சதவீதமும் மற்றப் பெண்களின் கொலைகளில் 89 சதவீதமும் துப்புத் துலக்கப்பட்டன. அதாவது வித்தியாசமே இல்லை. அப்படியானால் பாரபட்சம் எங்கே என்று கேட்பவர்கள் இந்த எண்களைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. பதில் இந்தக் கணக்கு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. போலீஸ் கொலை என்று ஏற்றுக்கொண்ட சாவு மட்டுமே அந்த 88 சதவீதத்துக்குள் வரும். குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தாள், போதை அதிகமாகிச் செத்தாள், தற்கொலை என்று முதல் நாளே எழுதி மூடிய கோப்பு அந்தக் கணக்கில் நுழையவே நுழையாது. ஒன்டாரியோ மாகாணத்தின் தண்டர் பே நகரில் இதுதான் நடந்தது. அங்கே ஆறுகளிலும் ஓடைகளிலும் பூர்வகுடிகளின் உடல்கள், பல இளம் மாணவர்களுடையவை, அடுத்தடுத்துக் கிடைத்தன. மாகாணக் காவல் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் ஜெர்ரி மெக்நீலி பழைய கோப்புகளைத் தோண்டிப் பார்த்து 2018இல் அறிக்கை தந்தார். இறந்தவர்களில் ஆண்கள், பெண்கள் இரு பாலரும் உண்டு. சந்தேகம் இல்லை என்று அவசர அவசரமாக மூடப்பட்டவற்றில் குறைந்தது ஒன்பது சாவுகளை மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார். பூர்வகுடிகளைப் பற்றிய ஊர்ப் பேச்சும் தப்பெண்ணமும் விசாரணைக்கே வழிகாட்டியிருக்கின்றன என்றும் சொன்னார்.

நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளிலும் ஒரு சரிவு தெரிகிறது. கனடா புள்ளியியல் துறை 2009 முதல் 2021 வரையிலான வழக்குகளைப் பார்த்ததில், கொல்லப்பட்டவர் பூர்வகுடிப் பெண் என்றால் திட்டமிட்ட கொலை என்ற மிகக் கடுமையான குற்றச்சாட்டு பதிவாவது குறைவாகவும், அதைவிட லேசான பிரிவுகளில் வழக்குப் பதிவது அதிகமாகவும் இருந்தது.

நம்மவர்களுக்கு இது முழுக்க அந்நியமான கதை அல்ல. டொரன்டோவில் எட்டு ஆண்களைக் கொன்ற புரூஸ் மெக்ஆர்தர் வழக்கு நினைவிருக்கலாம். கொல்லப்பட்டவர்களில் 2010இல் சன் சீ கப்பலில் வந்த ஈழத்தமிழர் ஒருவரும் உண்டு. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்ததால் அவர் எங்கோ ஒளிந்திருக்கிறார் என்றே வீட்டார் நினைத்தார்கள். காணவில்லை என்ற புகார்கூட இல்லை. காணாமல் போனவர்களைத் தேடுவதில் டொரன்டோ போலீஸிடம் கட்டமைப்பு ரீதியான பாகுபாடு இருந்ததாக நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் 2021இல் அறிக்கை தந்தார். போலீஸைக் கண்டு அஞ்சக் காரணம் உள்ள எந்தச் சமூகத்திலும் சாவு கணக்கில் வராமலே போய்விடலாம்.

இதுவரை பார்த்தது பாதுகாப்புக் கிடைக்காத பக்கம். இதே பெண் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்தால் அமைப்பின் சோம்பல் எங்கே போகுமோ தெரியாது, சுறுசுறுப்பாகிவிடும். கனடாவின் மத்தியச் சிறைகளில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பூர்வகுடிகள் என்று சிறைக் கண்காணிப்பு அதிகாரி இவான் ஸிங்கர் 2021 டிசம்பரில் அறிவித்தார். பெண்களின் மக்கள்தொகையில் அவர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே. இத்தனைக்கும், பூர்வகுடிகளுக்குத் தண்டனை விதிக்கும்போது அவர்களின் பின்னணியைக் கருதிச் சிறையைத் தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும் எனச் சட்டம் 1996இலிருந்து சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 1999இலும் 2012இலும் அதை வலியுறுத்திவிட்டது.

இந்த இரண்டு பக்கமும் ஒரே பெண்ணின் மேல் விழுந்த வழக்கு எட்மன்டன் நகரில் நடந்தது. வீடில்லாத பூர்வகுடிப் பெண் ஒருவர் கொடூரமான பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். 2015 ஜூனில் முதற்கட்ட விசாரணையில் சாட்சி சொல்ல வந்தார். கூண்டில் களைப்பாகவும் கவனம் தவறியும் இருந்தார். மறுநாள் வராமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவரைச் சிறையில் வைக்க உத்தரவானது. குற்றம் சாட்டப்பட்டவரை அல்ல, பாதிக்கப்பட்டவரை. ஐந்து இரவுகள். விலங்கு போட்டபடியே சாட்சியம் சொன்னார். நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடுவில், தன்னைத் தாக்கியவன் இருந்த அதே வேனில் குறைந்தது இரண்டு முறை ஏற்றிச் செல்லப்பட்டார். அந்த ஆள் பின்னர் குற்றவாளி என்று தீர்ப்பானபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை, வேறொரு சம்பவத்தில் இறந்துவிட்டார். நீதிபதி இந்த நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார், மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. சாட்சியைக் காவலில் வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது, சிறையில் வேன் இருந்தது, வேனுக்கு ஒரு அட்டவணை இருந்தது. எல்லாம் விதிப்படி நடந்தது என்றே சொல்லிவிடலாம்.

அதே நகரில் சிண்டி கிளாடூ என்ற 36 வயதுப் பெண் 2011இல் ஹோட்டல் அறையில் ரத்தப்போக்கால் இறந்தார். 2015இல் நடந்த வழக்கில் அவரை 'நேட்டிவ்' என்றும் விலைமகள் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் உடலின் ஒரு பகுதியையே பதப்படுத்தி நீதிமன்றத்தில் சான்றாகக் கொண்டுவந்து காட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். உச்ச நீதிமன்றம் 2019இல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, பூர்வகுடிப் பெண்கள் மீதான தப்பெண்ணத்தைப் பற்றி நடுவர் குழுவை நீதிபதிகள் எச்சரிக்க வேண்டும் என்றது. 2021இல் அந்த நபர் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒரே சம்பவம்தான். இரண்டாம் முறை சட்டத்தின் பார்வை கொஞ்சம் மாறியதும் முடிவும் மாறியிருக்கிறது.

இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கட்டமைப்பு, கட்டமைப்பு என்று சொல்லிச் சொல்லியே தனிமனிதர்கள் தப்பித்துப் போக வழி கிடைத்துவிடுகிறது. கியூபெக் மாகாணத்தின் வால்-டோர் என்ற ஊரில் 2015இல் பூர்வகுடிப் பெண்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பேசினார்கள். மாகாணப் போலீஸ்காரர்கள் தங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததையும், பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதையும் சொன்னார்கள். எட்டு அதிகாரிகள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். ஒரு வருடம் கழித்து, வழக்குப் போட ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு முடிவு செய்தது. அந்த விசாரணையைக் கண்காணித்த சட்டப் பேராசிரியர் ஃபான்னி லாஃபொன்டெய்ன் விசாரணை ஒழுங்காகத்தான் நடந்தது என்றார். ஆனால் குற்றவியல் சட்டம் தனி ஆளின் தனிக் குற்றத்தை மட்டுமே பார்க்கும், இதற்குப் பின்னால் உள்ள பெரிய பிரச்சினையைத் தொடும் கருவி அதனிடம் இல்லை என்றும் சுட்டினார். பிறகு மாகாண அரசு அமைத்த வியான்ஸ் விசாரணை ஆணையம், பூர்வகுடிகள் மீது கட்டமைப்பு ரீதியான பாகுபாடு இருப்பதை மறுக்கவே முடியாது என்று 2019இல் சொன்னது. தனிமனிதர் மீது வழக்கு இல்லை, கட்டமைப்பு மீது அறிக்கை இருக்கிறது. பேசிய பெண்களுக்கு இரண்டாலும் நீதி கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தேசிய அளவிலான விசாரணை வேண்டும் என்று குடும்பங்கள் பல வருடம் கேட்டன. டீனாவின் உடல் கிடைத்த பிறகும், இதைச் சமூகப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது, குற்றமாகப் பார்க்க வேண்டும் என்றார் அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். ஆட்சி மாறிய பிறகு 2016இல் மேரியன் பல்லர் தலைமையில் ஆணையம் அமைந்தது. இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அதனிடம் பேசினார்கள். 2019 ஜூனில் வந்த அறிக்கை இதை இனப்படுகொலை என்றே அழைத்து, நீதிக்கான 231 அழைப்புகளை முன்வைத்தது. நாலு வருடம் கழித்து சிபிசி செய்தி நிறுவனம் கணக்குப் பார்த்தபோது முழுதாக நிறைவேறியவை இரண்டு.

அண்மைய உதாரணம் ஒன்று. 2022இல் வின்னிபெக்கில் ஒருவன் நான்கு பூர்வகுடிப் பெண்களைக் கொன்றான். மோர்கன் ஹாரிஸ், மார்செடீஸ் மைரன் இருவரின் உடல்களும் நகருக்கு வெளியே ப்ரெய்ரி கிரீன் குப்பைக் கிடங்கில் இருப்பதாகப் போலீஸே நம்பியது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில், தேடுவது சாத்தியமில்லை என்று அறிவித்தது. உடல்கள் அங்கே போனது தெரியவரவே 34 நாள் ஆகிவிட்டது, அதற்குள் சுமார் 10,000 லாரி குப்பை கொட்டியாயிற்று, ஆஸ்பெஸ்டாஸ் அபாயம் இருக்கிறது என்று காரணங்கள் சொன்னது. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். குடும்பங்கள் விடவில்லை. முற்றுகை, ஊர்வலம் என்று நாடு முழுக்கப் போனார்கள். பூர்வகுடித் தலைவர்கள் முன்னெடுத்த சாத்தியக்கூறு ஆய்வு, தேடலாம், மூன்று வருடம் வரை ஆகலாம், செலவு 18.4 கோடி டாலர் வரை போகலாம் என்றது. மாகாண அரசு மறுத்தது. 2023 தேர்தலில் ஆளும் கட்சி, தோண்ட மாட்டோம் என்பதில் உறுதியாக நிற்கிறோம் என்று பெரிய பலகைகளில் விளம்பரமே வைத்தது. இரண்டு பெண்களின் உடல்களைத் தேடாமலிருப்பது ஓட்டு வாங்கித் தரும் என்று ஒரு கட்சி கணக்குப் போட்ட இடம் அது.

தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. வாப் கினூ மனிடோபாவின் முதல்வரானார். கனடாவில் ஒரு மாகாணத்தின் முதல்வரான முதல் 'முதல் தேசத்தவர்' அவர். மத்திய, மாகாண அரசுகள் தலா 2 கோடி டாலர் ஒதுக்கின. 2024 டிசம்பரில் தேடத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரி இறுதியில் மனித எச்சங்கள் கிடைத்தன. இருவரின் அடையாளமும் மார்ச்சில் உறுதியானது. அதே மாதம், அதுவரை பெயர் தெரியாமல் இருந்த இன்னொரு பெண்ணையும் போலீஸ் அடையாளம் கண்டது. அவர் உடல் நகரின் ப்ரேடி ரோட் குப்பைக் கிடங்கில் இருக்கலாம் என்றார்கள். இந்த முறை, சாத்தியமா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கேயும் தேடுவோம் என்று கினூ அறிவித்தார்.